பதினாறு புள்ளி உயர மனிதர்

அன்புள்ள ராஜா,

நீ எழுதியதைப் படித்தேன். பழைய நிண்டெண்டோ கன்சோலைப் புது டிவியில் மாட்டினாய். படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, ஓரமெல்லாம் ரம்பப் பல் போல இருந்தது, பட்டனை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மாரியோ குதித்தார். "இதையா எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்? இன்றைய ரியலிஸ்டிக் கேம்களை விட இது அழகு என்பது வெறும் பழைய நினைப்புதானே?" என்று கேட்டிருக்கிறாய்.

நினைப்பு மட்டும் இல்லைடா. அழகு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று கைவைத்துக் காட்டவும் முடியும். ஆனால் அதற்கு முன்னால் உன் டிவியைச் சரி செய்ய வேண்டும். நீ பார்த்தது பாதி கேம்தான். மீதியை டிவி தின்றுவிட்டது.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் டியூப் டிவிக்காக வரைந்தார்கள். டியூப் திரையில் ஒரு புள்ளி சதுரமாக நிற்காது. அதன் ஒளி கசிந்து பக்கத்துப் புள்ளியோடு கலக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய இருட்டுக் கோடு விழும். 1991-ல் சேகா கன்சோலில் வந்த சோனிக் கேமின் முதல் கட்டத்தில் ஒரு அருவி இருக்கிறது, அதைப் பார். புது டிவியில் செங்குத்தான கோடுகள் வரிசையாக நிற்கும், ஜன்னல் கம்பி மாதிரி. மஞ்சள் முனை கேபிளில் டியூப் டிவிக்குப் போகும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும்படியான தண்ணீராகிவிடும். அந்தக் கன்சோலில் ஊடுருவித் தெரியும் நிறத்தைக் காட்ட நேர்வழி கிடையாது. கேபிளின் குறையையே தூரிகையாக்கிக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கன்சோல் அனுப்புவது 240p என்ற எளிய சிக்னல், ஒவ்வொரு தடவையும் 240 வரி கொண்ட முழுப் படம். பல புது டிவிகள் அதை 480i, அதாவது பாதிப் பாதி வரியாக வரும் 480 வரிப் படம், என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இல்லாத பாதி வரிகளைச் சேர்த்துத் தைக்கப் பார்க்கும். ஒரு ஃப்ரேம் (திரையில் வரும் ஒரு முழுப் படம்) விட்டு ஒரு ஃப்ரேம் மின்னும்படி வைத்த நிழல்கள் அதில் அடியோடு மறைந்து போகும், அல்லது கறுப்புப் பட்டையாக அப்படியே நின்றுவிடும். நிஜக் கன்சோல்தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு லைன் டப்ளர் வாங்கி வை. 240p-யைச் சரியாகப் புரிந்துகொள்ளும் பெட்டி அது. பெயருக்கு ஏவி-டு-எச்டிஎம்ஐ என்று விற்கும் மலிவான கன்வர்ட்டர் வேண்டாம். அதுவும் இதே தவறைத்தான் செய்யும்.

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள், என்றால் வேலை சுலபம். ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் வீடியோ செட்டிங்ஸுக்குள் போய், படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேலை ஆன் செய், ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்கு. காரணம் வெறும் வகுத்தல் கணக்கு. 1080 வரி உள்ள டிவியில் 240 வரிப் படத்தை முழுத்திரைக்கு இழுத்தால் நாலரை மடங்கு. சில வரி நாலு புள்ளித் தடிமன், சில வரி ஐந்து. படம் நகரும்போது எல்லாம் நெளிவது போலத் தெரிவது இதனால்தான். நாலு மடங்கில் நிறுத்தினால் 960 வரி; மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விழும், விழட்டும். 4K டிவியில் 2160-ஐ 240-ஆல் வகுத்தால் சரியாக 9, அங்கே இந்தத் தொல்லை இல்லை. பக்கவாட்டில் இழுத்து அகலத் திரையை நிரப்பவே நிரப்பாதே, மாரியோ குண்டாகிவிடுவார். கடைசியாக, டியூப் டிவி போலக் காட்டும் ஒரு சிஆர்டி ஷேடரைப் போடு. அந்த அருவியைத் திரும்பப் பார்த்துவிட்டு எழுது.

தாமதம் இதைவிட முக்கியம். அந்த கேம்கள் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும்; ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். டியூப் டிவியோ வரும் சிக்னலை வர வரத் திரையில் வரைந்துவிடும், எதையும் தேக்கி வைக்காது. புது டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அதிலேயே நாலைந்து ஃப்ரேம் போய்விடலாம். டிவியில் கேம் மோடைப் போடு, மோஷன் ஸ்மூத்திங் எல்லாவற்றையும் அணை, கன்ட்ரோலரை வயரில் மாட்டு. அப்புறம் ரெட்ரோஆர்க்கின் லேட்டன்சி பகுதியில் ரன்-அஹெட் என்று ஒன்று இருக்கும், கேமுக்குள்ளேயே இருக்கும் தாமத ஃப்ரேம்களைத் தாண்டிக் காட்டுவது. எத்தனை வைப்பது என்று ஊகிக்காதே, அளந்து பார். கீபோர்டில் P அழுத்தி கேமை நிறுத்து. குதிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே K-யை ஒவ்வொரு தடவையாக அழுத்து. ஒரு அழுத்தலுக்கு ஒரு ஃப்ரேம் நகரும். இரண்டாவது அழுத்தலில் ஆள் அசைந்தால் ரன்-அஹெட் 1, மூன்றாவதில் அசைந்தால் 2. அதற்கு மேல் வைத்தால் அசைவின் முதல் ஃப்ரேமே விழுங்கப்பட்டு, ஆள் வெட்டி வெட்டி நகர்வார்.

இதெல்லாம் செய்த பிறகு 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைத் திரும்பப் போடு. முழு கேமும் 40 கிலோபைட். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு ஃபோட்டோவே இதைவிடப் பல மடங்கு பெரிது. சின்ன மாரியோ 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், மூன்றே நிறம். அவருக்குத் தொப்பி இருப்பதும் மீசை இருப்பதும் ஃபேஷனுக்காக இல்லை. 1981-ல் டாங்கி காங் என்ற கேமுக்காக நிண்டெண்டோவின் மியாமோட்டோ அவரை வரைந்தபோது, அத்தனை குறைந்த புள்ளியில் தலைமுடியை வரையவோ அசைக்கவோ முடியாது, அதனால் தொப்பி. வாயை வரைய இடமில்லை, அதனால் மீசை. கை வீசுவது உடம்போடு கலந்துவிடக் கூடாது, அதனால் வேறு நிறத்தில் ஓவரால். இருக்கிற புள்ளி ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் பக்கத்தில் வைத்துப் பார்: ஒரே படம், நிறம் மட்டும் வேறு.

இப்போது முதல் கட்டத்தை மெதுவாக ஆடிப் பார். திரையின் இடது பக்கம் நீ, வலது பக்கம் முழுக்க வெறும் இடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு கேள்விக்குறிப் பெட்டி மின்னுகிறது. எதிரே முறைத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடி, குழாயில் மோதித் திரும்பி உன்னை நோக்கி வருகிறது. எதிரி என்று நினைத்து நீ குதித்தாலும், மேலே இருக்கும் செங்கல் தலையில் இடித்து அதன் மேலேயே விழுவாய். காளான் நல்லது என்ற பாடம் ஒரு எழுத்துகூட இல்லாமல் முடிந்தது. பட்டனைத் தட்டினால் சின்னக் குதி, பிடித்தால் பெரிய குதி. மேலே போகும்போது பட்டன் பிடித்திருக்கும் வரை ஈர்ப்பு விசையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஓடி வந்து குதித்தால் இன்னும் உயரம். உன் கட்டைவிரலின் அழுத்தம் அந்த ஆளின் உடம்புக்குப் போய்ச் சேருகிறது. நான் அழகு என்று சொல்வது இதைத்தான்: திரையில் இருப்பது என்ன என்று பார்த்த கணமே தெரிகிறது, கை சொன்ன கணமே அது கேட்கிறது.

1980-ன் பேக்-மேனில் நாலு பேய்கள். சிவப்பு நேராக நீ நிற்கும் கட்டத்தைக் குறி வைக்கும். இளஞ்சிவப்பு நீ போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். ஆரஞ்சு துரத்தி வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நீலம் எங்கே போகும் என்பது சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துத் தீர்மானமாகும். ஒன்றுக்கு ஒரு வரி விதிதான். அதிலேயே ஒன்று கோபக்காரன், ஒன்று மடக்குபவன், ஒன்று பயந்தாங்கொள்ளி என்று உனக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். 1978-ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடுவதும் அந்த வகைதான். வரைய வேண்டியது குறைந்ததால் சிப் வேகம் பிடித்தது. அதைச் செய்த நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், கேமின் உயிரே அதுவாகிவிட்டது.

இனி உன் ரியலிஸ்டிக் கேம்கள். அந்த நிண்டெண்டோ கன்சோலின் திரையில் 61,440 புள்ளி, 4K-யில் 82,94,400. சரியாக 135 மடங்கு. அத்தனை புள்ளியையும் நிரப்ப வேண்டும் என்பதால் இலை, தூசி, பீப்பாய், கயிறு என்று எல்லாம் ஒரே அக்கறையோடு வரையப்பட்டிருக்கும். எதைத் தொடலாம், எது சும்மா கிடப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 2023-ல் புதிதாக்கப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 4-ல் ஏணிக்கும் உடைக்கக் கூடிய பெட்டிக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மாரியோவில் அந்த வேலையை மின்னும் கேள்விக்குறியே செய்துவிட்டது. உடம்பு அசைவிலும் இதே கதை. நிஜ மனிதன் திரும்பும்போது எடை மாற்றி, கால் வைத்து, பிறகுதான் திரும்புவான். அதை அப்படியே காட்டினால் பட்டனுக்கும் அசைவுக்கும் நடுவே கொஞ்ச நேரம் போய்விடும். 2018-ன் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பதை நீ காத்திருந்து பார்த்தாக வேண்டும். உலகத்தில் வாழ்வது போன்ற உணர்வுக்காக அதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள், குதிரையில் மலையைத் தாண்டும்போது அது கைகொடுக்கவும் செய்கிறது. ஆனால் கையின் சுகம் அங்கே குறைவு.

அதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று எடுத்துக்கொள்ளாதே. நிஜமாகவே மோசமான பழைய கேம்கள் ஏராளம். அவற்றை யாரும் திரும்ப வெளியிடுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. காசு போட்டு ஆடும் மெஷின்களுக்காகச் செய்தவை உன்னைச் சீக்கிரம் சாகடிக்கவே கணக்குப் போட்டவை. ஒரே வரியில் எட்டு உருவத் துண்டுக்கு மேல் வந்தால் நிண்டெண்டோவில் ஒன்பதாவது தெரியாது, எல்லாம் மினுக்கும். அந்த நேரத்தில் செத்தால் அது உன் தப்பு இல்லை. தொடக்ககால 3D-யை ரசிக்க எனக்கு இன்னும் பொறுமை வேண்டியிருக்கிறது. முதல் பிளேஸ்டேஷனில் சுவர் நெளிவதும் மூலைகள் நடுங்குவதும் கணக்குத் துல்லியம் போதாததால். அந்த மெஷினின் இன்னொரு குறையிலிருந்துதான் 1999-ன் சைலன்ட் ஹில் என்ற திகில் கேமின் மூடுபனி வந்தது. தூரத்தை வரைய முடியாமல் பனியால் மூடினார்கள், பயம் இரட்டிப்பாகிவிட்டது.

புது கேம்கள் சில விஷயத்தில் பழையதை ஜெயித்தும்விட்டன. 2018-ன் செலஸ்ட் என்ற குதித்து ஆடும் கேமில் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த பிறகும் 0.1 நொடி வரை குதிக்க விடுவார்கள். விளையாடுபவருக்கு அது தெரியாது, "சரியாகத்தான் அழுத்தினேன்" என்ற திருப்தி மட்டும் இருக்கும். மாரியோவில் விளிம்பு தாண்டினால் தாண்டியதுதான். செல்டா வரிசையில் 2017-ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டைச் செய்தவர்களோ, நெருப்பும் மரமும் காற்றும் ஒன்றோடொன்று எப்படிப் பழக வேண்டும் என்பதை முதலில் பழைய செல்டா மாதிரி 2D-யில் செய்து ஆடிப் பார்த்திருக்கிறார்கள். நீ கேட்டதற்கு என் பதிலும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. வருடத்தைப் பார்க்காதே, எதை விட்டுவிட்டு வரைந்திருக்கிறார்கள் என்று பார். 2002-ன் விண்ட் வேக்கர் என்ற செல்டா கேம் வெளிவந்தபோது கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று திட்டினார்கள். அதையும் நிஜம் போல வரைய முயன்ற அதே காலத்து கேம் ஒன்றையும் இன்று அடுத்தடுத்துப் போட்டுப் பார், எது கிழடு தட்டியிருக்கிறது என்று உனக்கே தெரியும்.

உன் கார்ட்ரிட்ஜ்களை, கன்சோலில் செருகும் அந்த கேம் பெட்டிகளை, பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் கேம், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்ததும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் ஓடாமல் போனது. உன் கையில் இருப்பது அப்படிப் போகாது, நீ பார்த்துக்கொண்டால். வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் பட்டால் காலப்போக்கில் உலோகப் பல் கறுத்துவிடும். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடை, அழுக்கு வராத வரை குச்சியை மாற்று, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. சேவ் செய்யும் கேம்களுக்குள் ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கும், நிண்டெண்டோவில் பெரும்பாலும் சிஆர்2032. 2.5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் மாற்று. அதைக் கழற்றிய நொடியில் சேவ் அழியும், அதனால் முதலில் கார்ட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடரில் நகல் எடு. திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பேட்டரியின் மேலேயே நேராகச் சால்டர் வைக்காதே, சூட்டில் வெடிக்கலாம். தகடு ஒட்டிய பேட்டரியாக வாங்கி, தகட்டில் மட்டும் பற்றவை. கூட்டல் கழித்தல் பக்கத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்.

முதல் செல்டாவை அணைக்கும்போது மட்டும் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணை. அப்படிச் செய்யாவிட்டால், அணையும் கணத்தில் மின்சாரம் தடுமாறி நீ சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடலாம்.

அன்புடன்,
அம்மா