ஹெர்மிஸ் கிடக்கும் இடத்துக்குப் போய் வந்தேன்

மட்டக்களப்பு

அன்பின் ரவி,

உன் முழங்கால் வலி குறைந்தது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் சித்திரை வருஷத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போனாள்.

போன கிழமை கல்லடி மீனவர் ஒருவரின் படகில், 1942இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடக்கும் இடத்துக்குப் போனேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, "இதுக்குக் கீழதான் ஐயா" என்றார். ஈயம் கட்டிய கயிற்றை என் கையில் தந்தார். அது விரலுக்குள்ளால் ஓடிக்கொண்டே இருந்தது. 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழம். 307 பேர் அந்தக் கப்பலோடு போனார்கள், ரவி. கயிற்றைத் திருப்பி இழுக்க எனக்கு மனமே வரவில்லை.

"அன்று கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை, இருந்திருந்தால் தப்பியிருக்கும்" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனன்குடா விமானத் தளத்தில் ஹெர்மிஸ் இறக்கி விட்டிருந்தவை சுவோர்ட்ஃபிஷ்கள். இரட்டை இறக்கையோடு மெல்ல மெல்லப் பறந்து டோர்பிடோ போடுகிற விமானங்கள். ஹெர்மிஸ் மூழ்குவதற்கு நாலு நாள் முன்பு, 1942 ஏப்ரல் 5 அன்று, கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய ஸீரோ சண்டை விமானங்கள் அதே ரக விமானங்கள் ஆறை வானிலேயே சுட்டு வீழ்த்தின. ஹெர்மிஸுக்கு வேண்டியிருந்தது சண்டை விமானங்களின் காவல். 9ஆம் திகதி விடிந்ததும் திருகோணமலையும் சீனன்குடாவும் குண்டு வாங்கின. அங்கிருந்த ஹரிக்கேன் என்ற பிரித்தானிய சண்டை விமானங்களுக்கு அங்கேயே சண்டை. கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து பறந்த ஃபுல்மார் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் தாழ்ந்துவிட்டது.

ஹெர்மிஸின் கப்டன் ஒன்ஸ்லோவைக் குறை சொல்லவும் எனக்கு முடியாது. முதல் நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியது சரியான முடிவுதான். ஆனால் ஹருணா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் கடல்விமானம் கண்டுவிட்டது. அப்புறம் மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற 85 டைவ் பொம்பர்கள் கிளம்பின. பத்தரைக்குப் பிறகு தொடங்கிய அடி பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் ஏறத்தாழ 600 பேர் பிழைத்தார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இலங்கையைத் தாக்கிய ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதத்தில் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் மூழ்கின. அவற்றில் விமானங்களுக்குக் குறைவில்லை. அமெரிக்க டைவ் பொம்பர்கள் மேலிருந்து பாய்ந்த நேரம் ஸீரோக்கள் கீழே டோர்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. அகாகியும் சோர்யுவும் அந்தச் சில நிமிடங்களிலேயே எரியத் தொடங்கின.

சரி, ஆவணி வரைக்கும் கடல் அமைதியாக இருக்கும். நீ வருகிற நாளை எழுது, படகுக்காரரிடம் சொல்லி வைக்கிறேன்.

உன் நண்பன்,
குமார்