அந்த வீடு போனதில் எனக்கு நிம்மதிதான்

புதுக்கோட்டை
கார்த்திகை மாதம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நீங்கள் வாங்கவிருந்த அந்தக் கும்பகோணத்துப் பழைய வீட்டை வேண்டாமென்று விட்டதிலிருந்து நீ சரியாகப் பேசுவதில்லை. போன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, "தூங்குறா அத்தை" என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்குகிறவள் இல்லையே நீ. சரி, அதை விடு.

எனக்கு அந்த வீடு போனதில் நிம்மதிதான். கோபம் வந்தாலும் வரட்டும். முற்றமும் தேக்குத் தூணும் எனக்கும்தான் பிடித்திருந்தது. ஆனால் அப்பா ஸ்டூலில் ஏறிக் கூடத்து உத்தரத்தைத் தட்டியபோது நானும் பக்கத்தில்தானே நின்றேன். சுவருக்குள் செருகியிருந்த முனையில் சத்தமே மாறியது. உளியை வைத்து அழுத்தியதும் மாவாகக் கொட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்கிற அந்த மாதிரிக் கூரையில் கட்டை மேல்தான் செங்கல், அதன் மேல் சுண்ணாம்புக் காரை. அடியில் கட்டை போனால் மேலே இருப்பதையெல்லாம் பிரித்தாக வேண்டும். அந்த மேஸ்திரி ரெண்டே மாசம் என்றாராம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசிவிடலாம் என்றவர்தானே? பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது லேசில் கிடைக்கிறார்களா?

பணக்கணக்கு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாவது படிக்கும்போதே வீட்டுக் கணக்கு எழுதினவள் நீ. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டும் நூற்றுக்கு 9 ரூபாய். அப்புறம் மராமத்துக்குத் தனிக் கடன். யாரிடமும் கை நீட்டாமல் நீங்கள் ரெண்டு பேரும் சேர்த்த பணம், அதைச் சொல்லிச் சொல்லி நான் பெருமைப்படாத ஆள் கிடையாது இந்தத் தெருவில். ஆனால் முன்பணம் கொடுக்கும்வரை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுவும் மனசில் கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது ஜன்னலில் உரிந்து தொங்கிய அந்தப் பச்சை பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு எவ்வளவோ முன்னால் அடித்தது அது. சுரண்டினால் அதில் இருக்கும் ஈயம் தூசியாகப் பறந்து மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சோற்றில் போகும். பிள்ளை உண்டானவள் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையைத்தானே வாயில் வைக்கும்? நீயோ, "ஜன்னல் எல்லாம் நானே சுரண்டி வார்னிஷ் அடிக்கப் போறேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பிள்ளை உண்டாகியிருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, நிலை வைக்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லும். சாஸ்திரம் என்று ஒதுக்குவாய். சாஸ்திரத்தை விடு, தூசி நிஜம்தானே.

போன ஐப்பசியில் இங்கே வந்து படுத்திருந்தாயே, அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்லு. வீடு எங்கேயும் ஓடிப்போகாது. ரெண்டு வருஷம் கழித்து வாங்கினால் என்ன, நாலு வருஷம் கழித்து வாங்கினால் என்ன. அப்பாவும் வந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துக் கொடுப்பார்.

இப்போதைக்கு வாடகை வீட்டிலேயே இருங்கள். மாடிப்படி மழைக்கு வழுக்கும், பார்த்து ஏறு. குடத்தைத் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. குடத்தைத் தூக்காதே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். வாய்க்குப் பிடித்தால் சொல்லு, இன்னும் போட்டு வைக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா