மல்டிமீட்டரோடு அனுப்பும் கடிதம்

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

புது கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய பார்ட்ஸ் லிஸ்ட்டை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரைசன் 5 7600 புராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. எல்லாம் நல்ல தேர்வுதான். ஒரு வருடமாகச் சம்பளத்தில் எடுத்து வைத்த பணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசி வரியில் "எஸ்எம்பிஎஸ்: லோக்கல், 500 வாட், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கிறாயே, சிஸ்டம் முழுக்கக் கரண்ட் கொடுக்கும் பெட்டியே அதுதான், அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை பார்ட்ஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன்னால் முழுதாகப் படித்துவிடு. கூடவே ஒரு பார்சல் வரும். அதில் உள்ளவை எதற்கு என்று இதிலேயே சொல்கிறேன்.

நம் பிரவுசிங் சென்டர் 2003-இல் ஆரம்பித்தது. 11 வருடம் எட்டு சிஸ்டம் ஓடியது. காலையில் திறந்தால் ராத்திரி 10 மணிக்குத்தான் அணைப்போம். பகலில் ரெஸ்யூம், ஹால் டிக்கெட், ரிசல்ட். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கவுண்டர் ஸ்ட்ரைக். பாதி ஆட்டத்தில் ஒரு சிஸ்டம் நின்றுபோனால் அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி வாடும் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் வேகமான சிஸ்டத்தைவிட, நிற்காமல் ஓடும் சிஸ்டத்தின் மேல்தான் எனக்கு எப்போதும் ஆசை.

2006 ஐப்பசி மழையில் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கட்டடத்துக்கு மூன்று பேஸ் லைன், அதாவது மும்முனை கரண்ட். ஒரு ராத்திரி எட்டு மணி இருக்கும், டியூப்லைட் எல்லாம் திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. அடுத்த நொடி டப் டப் என்று சத்தம், கருகின வாசம். நியூட்ரல் ஜாயின்ட் கழன்றுவிட்டது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் உள்ள அளவு. இரண்டு பேஸுக்கு நடுவில் அது 400. நியூட்ரல் அறுந்துவிட்டால், எந்தப் பேஸில் லோடு குறைவோ அந்தப் பக்கம் வோல்டேஜ் அந்த 400-ஐ நோக்கி ஏறிவிடும். அன்றைக்கு அது நம் பக்கம்.

எட்டில் ஆறு சிஸ்டத்தில் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ். அவை சாகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோயின. மற்ற இரண்டிலும், அசெம்பிள் பண்ணித் தந்த அண்ணன் பிடிவாதமாக நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தார். "ஏன் இவ்வளவு விலை" என்று நான் சண்டை போட்டது அந்த இரண்டுக்கும்தான். அவற்றில் எஸ்எம்பிஎஸ் மட்டும் போனது. போர்டும் டிஸ்க்கும் தப்பின. செத்த டிஸ்க் ஒன்றில் ஒரு பி.எட். மாணவியின் ப்ராஜெக்ட் இருந்தது, 84 பக்கம். திங்கட்கிழமை அவள் சமர்ப்பிக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியை வைத்து மூன்று ராத்திரி மறுபடியும் டைப் அடித்தேன். நீ மேசைக்கு அடியில் பாய் போட்டுத் தூங்கினாய்.

அண்ணன் அந்தச் செத்த எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் காயில், கெப்பாசிட்டர், அதிக வோல்டேஜை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் எல்லாம் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் ஒயர்த் துண்டுகளைப் பற்றவைத்திருந்தார்கள். போர்டில் இடம் மட்டும் அச்சாகியிருந்தது, பொருள் இல்லை. வெளியே லேபிளில் மட்டும் 500 வாட்.

அதனால் லேபிளில் பெரிய எழுத்தைப் பார்க்காதே. சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்கு, 216 வாட். உன் கார்டுக்கு மட்டும் 200 வாட் வேண்டும். புராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். அப்புறம் மதர்போர்டு, ரேம், ஃபேன். இதுபோக, கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதன் கணக்கைத் தாண்டி இழுக்கும். எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்க முடியாமல் போனால் விளையாட்டின் நடுவில் சிஸ்டம் பட்டென்று அணைந்துவிடும். நீ விண்டோஸைக் குறை சொல்லி நாலு தடவை இன்ஸ்டால் செய்வாய். நான் செய்திருக்கிறேன்.

650 வாட், 80 பிளஸ் கோல்டு, 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், வாரன்டி குறைந்தது 5 வருடம். அதை வாங்கு. ஆனால் 80 பிளஸ் என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் வாரன்டி காலத்தையும், அந்த மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் சொல்வதையும் சேர்த்துப் பார். மூவாயிரம் ரூபாய் கூடப் போனால் நான் போடுகிறேன். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி குறைக்கச் சொன்னால்கூட நீ கேட்க மாட்டாய், அதனால் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது எர்த். போன மாதம் லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது கை சுரீர் என்கிறது என்று சொன்னாய். அன்றைக்கே எனக்குச் சந்தேகம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைனிலிருந்து கேபினெட்டின் உலோகத்துக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதற்காக. எர்த் இருந்தால் அது ஓசையில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் பாதி வோல்டேஜ், சுமார் 115, நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகும். ஆனால் அதே உலோகத்தோடுதான் உன் யுஎஸ்பி, உன் எச்டிஎம்ஐ எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சில வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது.

பார்சலில் மஞ்சள் மல்டிமீட்டர் இருக்கிறது. அதன் திருகை ஏசி 750-இல் வை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 220-லிருந்து 240 வரை காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 அல்லது 3 வோல்ட்டுக்குள். எர்த்தில் அளவு நிலையில்லாமல் ஆடினாலோ, பாதிதான் காட்டினாலோ எர்த் இல்லை என்று வைத்துக்கொள். ரப்பர் செருப்பு போட்டு நில், கம்பியின் உலோக முனையில் விரல் படக் கூடாது. கை நடுங்கினால் செய்யவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. வேளச்சேரியில் வீட்டு ஓனர் அம்மாவிடம் பதமாகச் சொல்லு. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல இடத்தில் சரியாகிவிடும். ஒயரே இழுக்காமல் விட்டிருந்தால் அந்தச் செலவை நாமே ஏற்போம்.

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, யுபிஎஸ் வேண்டாம் என்று சொன்னாய். அதன் பின்பக்கம் பார். சைன் வேவ் என்று போட்டிருக்கிறதா? பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டராக இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அதில் உறுமும், சில அணைந்தே போகும். யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்சும் இருக்கும். நார்மல் மோடில் கரண்ட் மாறும் நேரம் அதிகம். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வது ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான். என் யோசனை, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் ஒன்று, 1000 விஏ. கரண்ட் போன பிறகும் விளையாடுவதற்காக இல்லை, சேவ் செய்து ஒழுங்காக அணைப்பதற்காக. அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போகும், அது சகஜம். இடி இடித்தால் யுபிஎஸ்ஸை நம்பாதே, பிளக்கைப் பிடுங்கு. நெட் கேபிளையும் பிடுங்கு. நம் இரண்டாம் நம்பர் சிஸ்டத்தின் லேன் போர்ட் அந்த வழியாகத்தான் போனது.

அசெம்பிள் செய்வதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனாலும் சில விஷயம். இந்தப் புராசஸருக்கு முள் எல்லாம் மதர்போர்டு சாக்கெட்டில்தான் இருக்கும், 1718 முள், அதில் விரல் பட வேண்டாம். ரேம் இரண்டையும் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது இடத்தில் போடு. முதல் தடவை ஆன் செய்யும்போது டிடிஆர்5 தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிடாதே. எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் கேபிளை மட்டும் போடு. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ஒயர் வரிசை மாறியிருந்தால் டிஸ்க் புகைந்துவிடும். கார்டில் 16 முள் கனெக்டர் இருந்தால் இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்து, பக்கத்திலேயே மடக்காதே. 2022-இல் 4090 கார்டுகள் வந்தபோது முழுதாக உட்காராத கனெக்டர்கள் உருகின. கண்ணாடிக் கதவைக் கழற்றினால் டைல்ஸ் தரையில் வைக்கவே வைக்காதே. டஃபன்ட் கண்ணாடி டைல்ஸில் மூலை பட்டால் நொறுங்கிவிடும். பாயோ துண்டோ விரி.

முதலில் பழைய இன்டெல் 13700கே புராசஸர் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது என்றாய், பிறகு விட்டுவிட்டாய். நல்லதுதான். அந்த 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் வோல்டேஜ் அதிகமாகப் போகும் கோளாறை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் என்ற மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர் வழியாகத் திருத்தம் கொடுத்தது. ஏற்கெனவே கெட்டுப்போனது அதனால் திரும்பி வராது. உன் போர்டிலும் முதல் வேலையாகப் பயாஸைப் புதுசாக்கிவிடு, யுபிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்டரில் ஒரு காலத்தில் மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் வரிசையாகத் தலை வீங்கின. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க அந்தப் பிரச்சினை, உள்ளே இருந்த திரவமே மட்டம். ஆனால் என் சிஸ்டங்களில் சுவரோரம் ஒட்டியிருந்தவைதான் முதலில் வீங்கின. அந்த வகைக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் சுமார் இரண்டு மடங்கு என்பது கணக்கு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. முன்பக்கம் ஃபில்டரோடு இரண்டு ஃபேன் காற்றை இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும்.

வேளச்சேரி வீட்டில் தூசியோடு ஈரமும் சேரும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் போய்ச் சேர்ந்தால் தூசி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிளோயர் அடித்தாலும் போகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், சிஸ்டம் ஓடாத நேரத்தில், அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடு. மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவிக் காயவை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பார்சலில் உள்ள பிளோயரையும் பெயின்ட் பிரஷ்ஷையும் எடு. காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சுழல விட்டால் பேரிங் போய்விடும். புராசஸர் பேஸ்ட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். இந்த ரைசன் 95 டிகிரி வரை போவதற்கென்றே செய்யப்பட்டது, அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன மாதம் 75 காட்டிய அதே விளையாட்டில் இந்த மாதம் 85 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏதாவது கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வரும், சிஸ்டம் ஒழுங்காக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு அலையாதே. மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிட்டு ரேமைச் சோதி, அப்புறம் கார்டு, அப்புறம் எஸ்எம்பிஎஸ். முக்கியமான ஃபைல் எதையும் அந்த ஒரு எஸ்எஸ்டியில் மட்டும் வைக்காதே. 84 பக்கம் டைப் அடித்தவள் சொல்கிறேன்.

பார்சலில் கடைசியாகச் சென்டரின் பழைய நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் சில பக்கம், என்றைக்குத் துடைத்தேன், எதை மாற்றினேன், எந்த வோல்டேஜில் என்ன ஆனது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். எட்டாவது சிஸ்டத்துக்கு அடுத்த பக்கத்தில் 9 என்று எண் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் உன் அறை சாக்கெட்டின் மூன்று அளவுகளையும் எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போ.

அன்புடன்,
அம்மா