கோனார்க் சக்கரம் சூரியக் கடிகாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, அந்தக் கோனார்க் சக்கரம் நிமிடம் பிசகாமல் மணி காட்டும் சூரியக் கடிகாரம் என்று தங்கள் நாளிதழின் பயணக் கட்டுரையில் வந்திருந்தது. 2023 ஜி20 மாநாட்டில் அதன் மாதிரி தலைவர்களுக்குப் பின்னால் நின்ற நாளிலிருந்தே இந்தப் பேச்சு ஓங்கிவிட்டது. மாணவர்களும் இதைப் பாடமாகவே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஒரு பகுதிதான் நிற்கிறது.

முதலில் ஒடிசாவின் கோனார்க் சூரியக் கோயிலில் வழிகாட்டிகள் சொல்லும் முறையைப் பார்ப்போம். மன்னர் நரசிம்மதேவர் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோயில் கல்லில் செய்த தேர். அதற்கு 24 சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மீட்டர் விட்டம். ஒரு சக்கரத்தில் தடித்த ஆரக்கால் 8, மெல்லிய ஆரக்கால் 8. தடித்த இரண்டுக்கு நடுவே ஒரு சாமம், அதாவது நம் கணக்கில் ஏழரை நாழிகை, 3 மணி நேரம். தடித்ததற்கும் அடுத்த மெல்லியதற்கும் இடையே வட்டையில், அதாவது சக்கரத்தின் வெளிவிளிம்பில், 30 முத்துகள்; முத்து ஒன்றுக்கு 3 நிமிடம். உச்சியில் இருக்கும் ஆரக்கால் நள்ளிரவு, அடியில் இருப்பது நண்பகல். வழிகாட்டி சக்கரத்தின் குடத்தின் (நடுக்குமிழின்) நடுவே விரலையோ பேனாவையோ நீட்டிப் பிடிப்பார். நிழல் எந்த முத்தில் விழுகிறதோ அதுதான் மணி.

இது வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. கோயில் கிழக்கு பார்த்தது. சக்கரங்கள் தெற்குப் பக்கத்திலும் வடக்குப் பக்கத்திலும் நிற்கின்றன. ஆகவே தெற்குச் சக்கரத்தின் அச்சு சரியாகத் தென்வடலாகக் கிடக்கிறது. காலையில் நிழல் இடப்பக்கம், நண்பகலில் நேர் கீழே, மாலையில் வலப்பக்கம். இதே அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக இருந்திருந்தால் நிழல் மணிக்கு 15 டிகிரி வீதம் சுற்றும். சம இடைவெளி ஆரக்கால்கள் அப்படியே பொருந்தும். கோனார்க்கின் அட்சரேகை 19.9 டிகிரி. கிடையாக நிற்கும் அச்சு அந்த 19.9 டிகிரிதான் விலகியிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தால் விலகல் இன்னும் குறையும். சக்கரம் ஓரளவு மணி காட்டுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கோளாறும் அந்த 19.9 டிகிரியில்தான். அச்சு சாயாமல் நிற்பதால், அதே மணிக்கு விழும் நிழல் மாதத்துக்கு மாதம் இடம் மாறுகிறது. மார்ச் 21ஐ ஒட்டி, சூரிய நேரம் (சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணி என்று கொள்ளும் கணக்கு) மாலை 3 மணிக்குச் சக்கரம் 3.07 காட்டும்; குறை சொல்ல மாட்டோம். டிசம்பர் 22 அன்று அதே 3 மணிக்கு நிழல் நேர் கீழிருந்து 45 டிகிரியில் நிற்க வேண்டியது கிட்டத்தட்ட 54 டிகிரிக்குப் போய்விடும். சக்கரம் 3.35 என்று சொல்லும். காலை 9 மணிக்கோ 8.25 என்று சொல்லும். நண்பகல் ஒன்றுதான், வெயில் படும் எல்லா நாளும் சரியாக இருக்கும்.

வெயில் படும் நாள் என்று சொல்லக் காரணம் உண்டு. ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 24 வரை சூரியன் கோனார்க்கின் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த இரண்டு மாதமும் தெற்குச் சக்கரத்தில் ஒரு துளி நேர்வெயில் கிடையாது. அப்போது வடக்குச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே காலை வலப்பக்கம், மாலை இடப்பக்கம் என்று வரிசை தலைகீழாகும். இரண்டு பக்கமும் ஒரே சக்கரத்தைச் செதுக்கி, மணிக்கு எந்தக் குறியும் போடாமல் விட்டவர்கள் கடிகாரம் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்களா?

நிமிடத் துல்லியம் என்பது இன்னொரு சிக்கல். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அந்த அரை டிகிரியைக் கடக்க 2 நிமிடம் ஆகும். ஒன்றரை மீட்டர் தள்ளி விழும் விரல் நிழலின் ஓரம் 14 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலங்கித் தெரியும். முத்தோ 2 சென்டிமீட்டர் கூட இல்லை. முத்தின் இடது, நடு, வலது என்று பிரித்து ஒவ்வொரு நிமிடமாகச் சொல்கிறார்களே, அந்த மூன்று இடமும் இந்தக் கலங்கலுக்குள்ளேயே மறைந்துவிடும். விரல் ஒரு விரற்கடை விலகினால் ஒரு முத்தே மாறிப்போகும். டிசம்பர் நண்பகலில் நிழல் வட்டையைத் தொட வேண்டுமானால் அச்சு சுமார் 1.4 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கல்லில் அவ்வளவு நீளம் இல்லாததால்தான் விரலே தேவைப்படுகிறது.

பிறகு ஏன் பார்த்தவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது என்று சத்தியம் செய்கிறார்கள்? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. கோனார்க் 86.1 டிகிரியில் இருப்பதால் அங்கே சூரியன் 14 நிமிடம் முந்துகிறது. பிப்ரவரி நடுவில் சூரிய நேரம் தன்னளவில் 14 நிமிடம் பிந்தும். இரண்டும் கழிந்து, சுற்றுலாப் பருவத்தில் நண்பகலை ஒட்டிப் போனவருக்கு மணி அப்படியே பொருந்தும். அவரே நவம்பர் தொடக்கத்தில் அதே நண்பகலில் போனால் அரை மணி வித்தியாசம். டிசம்பர் 22 அன்று கைக்கடிகாரம் 2.44 காட்டும்போது சக்கரம் 3.35 காட்டும்.

சூரியக் கடிகாரம் என்று ஒன்றை ஏற்க எங்கள் அளவுகோல் இது: நிழல் விழவைக்கும் விளிம்பு நிலையாக இருக்க வேண்டும், மணிக்கென்று குறியிட்ட அளவு வேண்டும், இரண்டும் அந்த ஊரின் அட்சரேகைக்குப் பொருந்த வேண்டும். ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்தில் இருக்கும் சம்ராட் யந்திரத்தைப் பாருங்கள். 27 மீட்டர் உயரச் சாய்சுவர், சாய்வு ஜெய்ப்பூரின் அட்சரேகையான 27 டிகிரி, இருபுறமும் பிரிவு பிரிவாக அளவிட்ட வளைவுகள். அது கடிகாரம். கோனார்க்கில் இருப்பது தேர்ச்சக்கரம். அதில் நண்பகலைச் சரியாகவும் மற்ற மணியை உத்தேசமாகவும் பார்க்கலாம். சிற்பியின் உளிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

பள்ளி ஆசிரியர்கள் இதை மொட்டை மாடியிலேயே சோதிக்கலாம். 60 சென்டிமீட்டர் அட்டை வட்டத்தில் 15 டிகிரிக்கு ஒன்றாக 24 கோடுகள் போட்டு, நடுவில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாகக் குத்துங்கள். அட்டையைப் பலகையில் ஒட்டி மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுச் சுவரை நம்பாதீர்கள். தெற்கு பார்த்த சுவர் என்பது பெரும்பாலும் சில டிகிரி திரும்பியிருக்கும். சென்னையில் டிசம்பர் 22 அன்று பகல் 12.07க்கு நிழல் நேர் கீழே விழும்வரை பலகையைத் திருப்புங்கள்; அப்போதுதான் அது சரியான தெற்கு. பிற்பகல் 3.07க்கு, அதாவது சூரிய நேரம் 3 மணிக்கு, நிழல் 3.20ஐ ஒட்டி நிற்கும். மதுரையில் இதே பிழை 15 நிமிடம்தான். அடுத்து, கம்பியின் வெளிமுனையைச் சென்னைக்கு 13 டிகிரி, மதுரைக்கு 10 டிகிரி கீழே தாழ்த்துங்கள். அதே அட்டை, அதே கோடுகள். வெயில் படும் எந்த மாதத்திலும் சூரிய நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்குமேல் பிசகாது.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்கள்,
சென்னை