அண்ணா, அக்டோபரில் யாழ்ப்பாணம் போவோம்

அன்புள்ள அண்ணா,

1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான ஜூலை 29, ஒவ்வோர் ஆண்டும் நெருங்கும்போது நீ என்னிடம் கேட்பாய்: "எதை எதையோ எழுதுகிறாயே, இலங்கைக்கு அமைதிப்படையாகப் போன எங்களைப் பற்றி நான்கு வரி எழுதக் கூடாதா?" நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை நீ கேட்கவே இல்லை. அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. நேரில் பேசினால் உனக்கும் எனக்கும் சரிப்படாது. நான் குரலை உயர்த்திவிடுவேன், நீ எழுந்து காபிச் செடிகளுக்குள் போய்விடுவாய்.

நீ எந்த ரெஜிமென்ட், எந்த ஊரில் இருந்தாய் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. உன் பிள்ளைகள் படிப்பார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளும் படிப்பார்கள். அவர்களில் யாருடைய பாட்டி எந்த ஊர்க்காரர் என்பது எனக்குத் தெரியும்.

உனக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்கிறேன். 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்தத் தீவில் உயிர் விட்டார்கள். 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவில் 30 பேர் இருந்தார்கள்; 29 பேர் செத்தார்கள். விடுதலைப் புலிகள் அங்கே தயாராகக் காத்திருப்பது இறங்கியவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினர் திருகோணமலையை விட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் திரும்பி வந்தவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. இறந்துபோன அந்தப் பையன்கள் யாரும் வெளியுறவுக் கொள்கையை வகுத்தவர்கள் அல்லர். அவர்களுக்காக நான் அழுதிருக்கிறேன், உனக்குத் தெரியாமல்.

ஆனால் நீ சொல்லும் கதை எப்போதும் ஒரே இடத்தில் முடிகிறது: "காப்பாற்றப் போனோம், சுட்டார்கள்." இதை நான் ஏற்க மாட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும். யாருடைய வீட்டு வாசலில் அந்த அமைதி நிலைக்க வேண்டுமோ, அவர்களில் ஒருவருடைய கையெழுத்தும் அதில் இல்லை. புலிகளின் தலைவர் பிரபாகரனை டெல்லி அசோகா ஹோட்டலில் காவலுக்குள் உட்கார வைத்து, முடிவாகிவிட்டதைத் தெரிவித்தார்கள். ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை ஒருமுறை படித்துப்பார். திருகோணமலை முதலான துறைமுகங்களை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் தரக் கூடாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இந்தியாவோடு சேர்ந்து சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. டெல்லி தனக்கு வேண்டியதை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறது! தமிழர்களுக்குக் கிடைத்ததோ ஒரு மாகாண சபையும், பின்னால் கிழக்கில் வாக்கெடுப்பு நடத்திப் பிரித்துவிடக்கூடிய, வடக்கு, கிழக்கு மாகாணங்களின் ஒரு தற்காலிக இணைப்பும். புலிகளை நான் நியாயப்படுத்தவில்லை. சக இயக்கத்துத் தமிழர்களையே கொன்றவர்கள் அவர்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கும் மனம் அவர்களுக்கு இருந்ததாக நான் நம்பவில்லை. அப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தும், அவர்கள் ஆயுதத்தை ஒப்படைப்பார்கள் என்ற கணக்கில் உங்களை அங்கே அனுப்பியவர்களை என்னவென்று சொல்வது?

புலிகளை டெல்லிக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. நமக்கே தெரியுமே. மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்க் காட்டோரத்தில் அவர்கள் பயிற்சி எடுத்தது ஊரறிந்த விஷயம். நீ அப்போது விடுப்பில் வந்திருந்தாய். உனக்கு இது நினைவிருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அப்பாவின் டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பதினேழு வயது இருக்கலாம். குதிகால் தோல் முழுவதும் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, புது பூட்ஸ். நீ வீட்டுக்குள் போய் உன் கம்பளிக் காலுறைகளையும் ஒரு சோப்புத் துண்டையும் எடுத்து வந்தாய். அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, காலுறையின் உட்புறத்தைத் திருப்பி, குதிகால் படும் இடத்தில் தண்ணீர் தொடாமல் சோப்பை எப்படித் தேய்க்க வேண்டும், பூட்ஸின் கயிற்றை எந்த இடத்தில் இறுக்கி எந்த இடத்தில் தளர்த்த வேண்டும் என்று காட்டினாய். பத்து மைல் நடந்தாலும் கொப்புளம் வராது என்றாய். அவன் உன்னை "அண்ணை" என்று கூப்பிட்டான். இந்திய ராணுவம் எங்களுக்காக வருமா என்று கேட்டான். "வந்தால் நான்தான் முதல் ஆள்" என்று நீ சிரித்தாய். அப்பா அவனிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்தான், வலிக்கவில்லை என்று முகமெல்லாம் மலர்ந்து போனான். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனைப் போல உலகத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

அவன் யாழ்ப்பாணத்தில் உனக்கு எதிரே இருந்தானா, அதற்கு முன்பே எங்காவது மடிந்தானா, இன்று ஏதோ ஒரு நாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறானா, தெரியாது. அவனைக் காட்டில் பயிற்சி எடுக்க விட்ட அரசே சில ஆண்டுகளுக்குள் உன்னை அவன் மேல் ஏவியது. நம் மாவட்டத்திலேயே நடந்த இந்தக் கொடுமையை நீ ஏன் கோபமாகப் பேசுவதில்லை? உன் கோபம் முழுவதும் அவன் மேல் மட்டும் ஏன்?

1987 அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் ராணுவம் நுழைந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்று ராணுவம் சொன்னது. உயிர் தப்பியவர்கள் சொல்வது வேறு: வெளியே வந்து தம்மை இன்னார் என்று சொன்ன மருத்துவரும் சுடப்பட்டார். நீ அன்று அங்கே இல்லை. படிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நீ கேள்விப்பட்டதை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாய். அதை எழுத மாட்டேன். சொன்னதற்கு நன்றி.

நீ திரும்பி வந்த நாளில் நான் சேலம் ஜங்ஷனுக்கு வரவில்லை. அப்பா மட்டும் வந்தார். நான் கல்லூரித் தோழிகளோடு ஒரு கண்டனக் கூட்டத்தில் இருந்தேன். உன்னைப் பிளாட்பாரத்தில் அப்படி நிற்கவிட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது, என்னை மன்னித்துவிடு. கூட்டத்துக்குப் போனதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தப் போரை எதிர்த்தது சரிதான். போரை எதிர்ப்பவள் அண்ணனை அழைக்க வரலாம் என்று அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீயும் அதன் பிறகு வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாய். அம்மா கடைசிவரை உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள். அதற்கு நீ யாரிடமாவது மன்னிப்புக் கேட்டாயா?

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் அந்த நான்கு நாள் மோதல் நடந்தபோது, தொலைக்காட்சியில் ஒருவர் இன்னும் அடிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். நீ எழுந்து போய் அதை அணைத்தாய். உன் மகன் உன்னை விசித்திரமாகப் பார்த்தான். அவனுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அண்ணா. போர் என்றால் என்னவென்று நம் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

அந்த ஒப்பந்தத்தின் கதி உனக்கும் எனக்கும் ஒன்றுபோலவே வலிக்க வேண்டும். அதிலிருந்து பிறந்த, மாகாண சபைகளை உருவாக்கிய இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை இந்தியா இன்றும் கொழும்புக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. வடக்கு மாகாண சபைக்கு 2013இல் முதல் தேர்தல் நடந்தது. 2018இல் பதவிக்காலம் முடிந்த கையோடு அடுத்த தேர்தல் வரவில்லை. 2009இல் முடிந்த இலங்கைப் போரின் கொடுமைகளுக்கான பொறுப்புக்கூறல் பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2012, 2013 தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, 2014இலும் 2021இலும் 2022இலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2019இன் குடியுரிமைத் திருத்தத்தில் நம் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இடமில்லை. 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு அருகே இருக்கும் உன் தோழர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். அதே பயணத்தில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும் கையெழுத்தானது. உன் தோழர்கள் எதற்காகச் செத்தார்களோ, அதில் டெல்லி இன்று அழுத்திக் கேட்பது எது? இதை நீ கேட்டால் சபை அமைதியாகக் கேட்கும். நான் கேட்டால் தேசத்துரோகி என்பார்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருக்கும் இன்னொரு நினைவிடத்துக்கு என்னோடு வா என்று பல முறை அழைத்திருக்கிறாய். வருகிறேன். அங்கே என் கையாலும் பூ வைப்பேன், முழு மனதோடு. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனையில் இறந்த ஊழியர்களின் படங்களை வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். அதற்கு நீ என்னோடு வர வேண்டும். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் நின்றால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள். மழையில் அது நின்றுவிட்டால் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. நினைவிடத்துக்குள் போக அனுமதி வேண்டுமா என்று யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் நான் விசாரித்துக்கொள்கிறேன். நீ பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வை. வர முடியாது என்றால் அதை என்னிடம் வாயைத் திறந்து சொல். எழுந்து தோட்டத்துக்குப் போய்விடாதே. நான் எப்படியும் இரண்டு இடங்களுக்கும் போகத்தான் போகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை