அணைக்கு அக்கரையில் ஒரு நர்சும் ஒரு படகும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் மலையில், காரையாறு அணைக்கு அக்கரையில் வாழும் காணி பழங்குடி மக்களுக்கு அவசர மருத்துவம் கிடைப்பதில் உள்ள குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தில் ஒன்பது ஆண்டுகள் அந்த மலைக் குடியிருப்புகள் என் பொறுப்பில் இருந்தன.

தீவு என்றால் கடலுக்கு நடுவில் இருப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்குள்ள இஞ்சிக்குழி என்ற காணிக் குடியிருப்புக்கு ஒருமுறை போய்வந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சேர்வலாறு, மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு போன்ற இடங்கள் சாலைக்கு ஓரளவு பக்கமாக இருக்கின்றன. இஞ்சிக்குழிக்கோ படகில் அணையைக் கடந்து, அதற்குப் பிறகு யானைத்தடம் பார்த்துக் காட்டுவழியே மணிக்கணக்கில் நடக்க வேண்டும். முன்னால் நீர், பின்னால் பொதிகை மலை, சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அணை நிரம்பி நிற்கும்போது காற்றும் அலையும் பயமுறுத்தும் என்றால், கோடையில் நீர் இறங்கியதும் படகு கரையை ஒட்டி வர முடியாமல் முழங்கால் அளவு சேற்றில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். காணி மக்கள் அணைக்கு அக்கரையில் போய்க் குடியேறியவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே இருந்தவர்கள். அணைதான் 1940களில் வந்தது. நம் வயலுக்கும் வீட்டு விளக்குக்கும் தேக்கிய நீர்தான் அவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்து இரவில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் மாதம் முடியாத ஒரு பெண்ணுக்கு அந்தி நேரத்தில் வலி எடுத்து, உதிரப்போக்கும் தொடங்கிவிட்டது. சேலையில் தூளி கட்டி, மூங்கில் கம்பில் கோத்து, ஆண்கள் முறை மாற்றித் தோள் கொடுத்து நீர்க்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. படகு இக்கரையில் கட்டிக் கிடந்தது. அதை ஓட்டுபவருக்குச் செய்தி சொல்ல வழியில்லை. செல்போன் சிக்னல் கிடைக்கும் பாறை அவர்கள் வந்த வழியிலேயே வெகுதூரம் பின்னால் இருந்தது. பந்தம் கொளுத்தி ஆட்டிக்கொண்டும் கூவிக்கொண்டும் விடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்கள். காலையில் நான் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிர்க்கரைக்குப் போன படகில் ஸ்ட்ரெச்சர் இரண்டு இருக்கைப் பலகைகளுக்கு நடுவே படுக்கவில்லை என்று ஒரு பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டு அவளைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அவள் மேல் போர்த்தியிருந்த சாரத்தின் ஓரத்திலிருந்து படகுக்குள் தேங்கிய தண்ணீரில் ரத்தம் கரைந்துகொண்டிருந்தது. கணவர் என்னிடம், "சத்தம் போட்டா அக்கரைக்குக் கேட்கும்னு நெனச்சோம் நர்சம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

அன்று இரவு யாரும் கடமை தவறவில்லை. படகோட்டிக்கு இரவுப் பணி கிடையாது. ஆம்புலன்ஸ், அழைப்பு வந்த உடனே புறப்பட்டது. எனக்கும் மலைமேல் தங்க இடம் கிடையாது. ஆளாளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தும் ஒரு குழந்தை போய்விட்டது என்றால், குறை ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் சுகாதாரத் துறை தலைக்கணக்கில் இயங்குகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் முறையே 30,000 பேருக்கும் 20,000 பேருக்கும் ஒன்று என்பது அளவு. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் இருக்கும் இஞ்சிக்குழி இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் தேறாது. கோப்பு எத்தனை முறை மேலே போனாலும் "மக்கள்தொகை போதாது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். ஆனால், தேசிய சுகாதார இயக்கமே இதற்கு ஒரு மாற்று அளவுகோலை வைத்திருக்கிறது. மலையும் பாலையுமான சில மாவட்டங்களுக்கு, ஆட்களை எண்ணாமல் நேரத்தை எண்ணி, வீட்டிலிருந்து அரை மணி நேர நடைக்குள் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் போகும் பெண்ணுக்கு அந்த ஊரின் மக்கள்தொகை முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். திருநெல்வேலி மாவட்டத்தில் வேறு எங்கும் வேண்டாம், அணைக்கு அக்கரைக்கு மட்டுமாவது இந்த நேரக் கணக்கைப் பின்பற்றச் சொல்கிறேன்.

காப்புக் காட்டுக்குள் கட்டடம் எழுப்ப வனச் சட்டம் இடம் தராது என்று அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை ஆகியவற்றோடு மருந்தகம் அல்லது மருத்துவமனை கட்டவும் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. நிலம் ஒரு ஹெக்டேருக்கு மிகக் கூடாது, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள ஒரு துணை நிலையத்துக்கு ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை. "அவர்களைக் கீழே இறக்கிக் குடியமர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே" என்று சொல்கிறவர்களும் உண்டு. போக விரும்புகிறவர்கள் போகட்டும். மருத்துவம் கிடையாது என்பதையே காரணமாக்கி ஒருவரைத் தம் மண்ணிலிருந்து கிளப்புவது நியாயமாகாது.

மாதம் ஒருமுறை மருத்துவ முகாம் நடத்துகிறோமே என்று கேட்கலாம். முகாம்கள் தேவைதான், நானும் எத்தனையோ முகாம்களுக்குப் போயிருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சமவெளியில் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருவதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வலியும் பாம்புக்கடியும் முகாம் தேதி பார்த்து வருவதில்லை. தடுப்பூசி போன்ற திட்டமிட்ட வேலையே அங்கே எவ்வளவு சிக்கலானது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான்கு ஐஸ் பேக் வைத்த வாக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு, படகேறி, நடந்து போய்ச் சேரும்போது அங்கே தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டிய குழந்தை ஒன்றே ஒன்று இருக்கும். பல குழந்தைகளுக்கான குப்பியை அந்த ஒரு குழந்தைக்காக உடைக்க வேண்டும். கரைத்த மருந்தை நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குழந்தைக்காக இருந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் விதி. ஆனாலும் விரய அறிக்கை எழுதும்போது ஏன் இவ்வளவு வீண் என்று கேள்வி வருமே என்ற பயத்தில், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் இளம் செவிலியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அடுத்த முறையன்று மழை பெய்யும், படகு ஓடாது.

ஆகவே, அக்கரையில் ஒரு செவிலியர் தங்கியிருக்க வேண்டும். வந்து போகிறவராக அல்ல, இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவராக இருக்க வேண்டும். கீழேயிருந்து ஒருவரை மாற்றல் போட்டு அனுப்பினால் மூன்றாம் மாதமே மாறுதல் மனு போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காணிக் குடியிருப்புகளிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை அரசுச் செலவில் விடுதியில் தங்கவைத்துச் செவிலியர் பயிற்சி கொடுத்து, அவர்கள் ஊருக்கே பணியமர்த்தினால் மொழியும் தெரியும், காடும் தெரியும். அதுவரை, மலைப் பகுதிகளில் இருப்பதைப் போல ஊரிலேயே இருக்கும் சுகாதார ஆர்வலரான ஓர் ஆஷா பணியாளரை நியமித்து, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை அவர் கையில் கொடுத்து வைக்கலாம். அதற்கே போடும் ஆக்சிடாசின் ஊசியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், மின்சாரம் இல்லாத குடிசையில் அதைப் பாதுகாக்க முடியாது. மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

காணி மக்களின் சொந்த வைத்தியத்தை நம் ஆட்கள் சிலர் இளக்காரமாகப் பேசுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். 1987இல் இதே அகத்தியமலையின் கேரளச் சரிவில் காணிகள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்துதான் ஜீவனி என்ற மருந்து உருவாகி, அதன் வருவாயில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கப்பட்டு, உலகம் முழுவதும் பேசப்பட்டது. எந்த வைத்தியம் எங்கே நிற்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பாம்பு கடித்த ஒரு சிறுவனுக்குச் சாற்று என்ற மந்திரப் பாட்டைப் பாட ஆரம்பித்த, பிலாத்தி என்று காணிகள் அழைக்கும் வைத்தியப் பெரியவரே, பையனின் கால் வீங்குவதைப் பார்த்ததும் கொக்கரை என்ற தாளக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "படகைப் பார்" என்று முதலில் எழுந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பாம்புக்கடியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். அக்கரையில் ஒரு செவிலியர் இருந்தால் படகு வந்து சேரும் நேரத்துக்குள் இதைச் செய்து, கீழே இருக்கும் மருத்துவருக்குச் சொல்லிவிடலாம். நோயாளி போய் இறங்கும்போது விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும். சொல்வதற்குக் கருவி வேண்டுமே என்றால், அதுவும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வனத்துறை ஊழியர்கள் கையில் வயர்லெஸ் இருக்கிறது. அந்த வயர்லெஸ் அறையையும் 108 கட்டுப்பாட்டு மையத்தையும் இணைத்து, இரவில் செய்தி வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று இரு துறைகளும் கையெழுத்துப் போட்டு ஓர் ஆணை வெளியிட்டாலே போதும்.

அடுத்தது படகு. பயணிகளுக்கான படகை அவசரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலை மாறி, ஸ்ட்ரெச்சர் படுக்கும் அளவுக்கு நடு இடம் விட்ட, கூரையும் விளக்கும் ஆக்சிஜன் சிலிண்டரும் உள்ள ஒரு படகு மருத்துவத்துக்கென்றே வேண்டும். இரவும் பகலும் முறை வைத்து ஓட்ட ஆள் வேண்டும். காணி இளைஞர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்தால், அணையில் நீர் ஏறி இறங்கும்போது எந்தப் பாறை எங்கே மறைந்திருக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. படகு இரவில் அக்கரையில் கட்டப்பட வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது. நோயாளி இருப்பது அந்தக் கரையில். இதெல்லாம் நடக்காத காரியம் அல்ல. அசாமில் பிரம்மபுத்திரா ஆற்றுத் தீவுகளுக்கு 2005 முதலே மருத்துவரும் ஆய்வக வசதியும் கொண்ட படகு மருத்துவமனைகள் போய்வருகின்றன. லட்சத்தீவிலிருந்து நோயாளிகளைக் கொச்சிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகிறார்கள். நாங்கள் கேட்பது ஹெலிகாப்டர் அல்ல.

பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண்களை முன்கூட்டியே அடிவாரத்துக்கு அழைத்து வந்து தங்கவைக்கும் காத்திருப்பு அறை நல்ல ஏற்பாடு. ஆனாலும் பெண்கள் வரத் தயங்குகிறார்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, யானை வந்தால் மரவள்ளியை யார் காப்பது என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது. கூட ஒரு துணையையும் சிறு பிள்ளைகளையும் தங்க அனுமதித்து, மூன்று வேளைச் சாப்பாடும், வேலையிழந்த நாட்களுக்குக் கணவருக்கு ஒரு தொகையும் கொடுத்தால் தயக்கம் தீரும். நான் பேசிப் பார்த்த பெண்கள் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கர்ப்பிணிகளுக்காகவும் டயாலிசிஸ் நோயாளிகளுக்காகவும் படகு எங்கே, படகு எங்கே என்று எத்தனை பேர் போனில் அலறினார்கள்! நமக்கு அது சில நாட்களில் முடிந்துபோனது.

ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழையில் அணைக்கு நீர்வரத்து கூடும். மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் வனத்துறையும் அதற்குள் ஒருமுறை காரையாறு படகுத்துறையிலேயே உட்கார்ந்து, காணிக் குடியிருப்புகளின் ஊர்த்தலைவர்களான மூட்டுக்காணிகளையும் பெண்களையும் அழைத்துப் பேசி, முதல் வேலையாக அந்த இரவுப் படகுக்கும் வயர்லெஸ் இணைப்புக்குமான ஆணையைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டடமும் செவிலியர் பயிற்சியும் அடுத்த ஆண்டுக்குள் நடந்தால் போதும். படகு இந்த மழைக்கு முன்பே அக்கரையில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம்.