மீட்டிங் லிஸ்ட் சரியா இருக்கணும், அதுக்கு உங்க உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மாதிரி குடிய விட உதவற குழுக்களோட மீட்டிங் எங்க, எப்ப நடக்குதுன்னு லிஸ்ட் போட்டு, குடிய நிறுத்தணும்னு நினைக்கிறவங்கள பக்கத்துல நடக்கற மீட்டிங்ல கொண்டுபோய் சேக்கற வேலைய ஒரு சின்ன கமிட்டியா செஞ்சிட்டு வர்றோம், அதுக்குத்தான் இப்ப நன்கொடை கேக்கறோம். மீட்டிங்தான் ஃப்ரீ ஆச்சே அப்புறம் எதுக்கு காசுன்னுதான் முதல்ல எல்லாரும் கேக்கறாங்க, அதனால விவரமாவே சொல்லிடறோம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித்னு குடியால நொந்துபோன ரெண்டு பேரு ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா நின்னதுல ஆரம்பிச்சது. அதுல சேர ஃபீஸ் கிடையாது, குடிய விடணும்ங்கற ஆசை இருந்தா போதும். ஹால் வாடகைக்கு மெம்பர்ஸே கையில இருக்கறத போட்டு சமாளிச்சிக்குவாங்க, புதுசா வர்றவங்க போட்டே ஆகணும்னு இல்ல. வெளி ஆளுங்க குடுக்கற காச வாங்கறதே இல்லங்கறது அவங்க கட்டுப்பாடு. அதனால நீங்க குடுக்கற பணத்துல ஒரு பைசாகூட ஏஏக்குப் போகாது, நாங்க ஏஏ கிடையாது, வீட்டுக்காரங்களும் நண்பர்களும் சேந்து நடத்தற தனி கமிட்டி. மீட்டிங்க நடத்தறது அவங்க, வாசல் வரைக்கும் ஆள கொண்டுபோய் விடறதுதான் எங்க வேலை.

ஆனா அந்த வாசல் வரைக்கும் போறதுதான் கஷ்டம். பல வருஷம் குடிச்சவர் ஒருத்தர் இன்னைக்குப் போயே தீரணும்னு மனச திடப்படுத்திக்கிட்டு கிளம்பறாரு, லிஸ்ட்ல ஏழு மணின்னு இருக்கு, போய் பாத்தா ஹால் பூட்டிக் கிடக்கு, கேட்டா மீட்டிங் வேற இடத்துக்கு மாறி ரொம்ப நாள் ஆச்சுங்கறாங்க. அவர் இன்னொரு தடவ கிளம்புவாரா சொல்லுங்க, வர்ற வழியிலயே குடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. தப்பான லிஸ்ட் இருக்கறதுக்கு லிஸ்ட் இல்லாமலே இருக்கலாம்னு நாங்க உறுதியா நம்பறோம்.

அதனால எங்க வாலண்டியர்ஸ் ஒவ்வொரு மீட்டிங் நடக்கற இடத்துக்கும் நேர்லயே போய் பாத்து எழுதறாங்க. சாயங்காலம் முன் கேட்ட சாத்திடுவாங்களா, அப்ப எந்தப் பக்கமா உள்ள போகணும், எத்தனாவது மாடி, படியில லைட் இருக்கா, வீல்சேர் போகுமா, என்ன மொழியில பேசறாங்க, பெண்களுக்குன்னு தனி மீட்டிங்கா, ஓப்பனா க்ளோஸ்டா, எல்லாம் வரும். ஓப்பன் மீட்டிங்னா யார் வேணா உக்காந்து கேக்கலாம், க்ளோஸ்ட்னா தனக்கு குடிப்பழக்கம் பிரச்சினையா இருக்கு, விடணும்னு நினைக்கிறவங்க மட்டும்தான். இது தெரியாம தம்பிய கூட்டிட்டு வந்த அக்கா கூடவே உள்ள போயிட்டு, வெளிய இருங்கன்னு சொன்னதும் மனசு சங்கடப்பட்டா, அந்தத் தம்பியும் எழுந்து வந்துடுவாரு. அந்த அக்கா மாதிரி குடும்பத்துல இருக்கறவங்களுக்குன்னே 1951லேர்ந்து அல்-அனான்ங்கற குழு இருக்கு, வீட்ல இருக்கற பசங்களுக்கு அலடீன் இருக்கு, ஏஏல வர்ற கடவுள் பேச்சு ஒத்துவராதுங்கறவங்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி மாதிரி வேற குழுக்களும் இருக்கு, அதையும் லிஸ்ட்ல சேத்துட்டு வர்றோம்.

கூட ஆள் வேற போகணுமா, அட்ரஸ குடுத்து அனுப்பிட்டா போதாதான்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 2020ல மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசற காக்ரேன்ங்கற அமைப்பு 27 ஆய்வுகள, பத்தாயிரத்துக்கு மேல ஆளுங்கள வெச்சு நடந்தத, ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. முறையா திட்டம் போட்டு ஏஏல கொண்டுபோய் சேக்கற சிகிச்சையில, மத்த பேச்சு சிகிச்சைகள விட அதிகம் பேர் தொடர்ந்து குடிக்காம இருந்தாங்கன்னு வந்துச்சு. நாங்க சிகிச்சை குடுக்கறவங்க இல்லதான், ஆனா முதல் நாள் கூடப் போக ஒரு ஆள் இருந்தா எவ்வளவு தெம்புன்னு பக்கத்துல இருந்து பாத்துட்டிருக்கோம். க்ளோஸ்ட் மீட்டிங்னா கூடப் போன எங்க வாலண்டியர் வெளிய பெஞ்சுலயே உக்காந்திருப்பாரு, முடிஞ்சு வர்றவர வீட்ல விட்டுட்டுத்தான் கிளம்புவாரு.

அப்புறம், குடிய விடணும்னு நினைக்கிறவங்க கூப்பிட்டுப் பேசறதுக்கு நாங்க நடத்தற போன் லைன். இதுக்கு ட்ரெயினிங் கண்டிப்பா வேணும், ஏன்னா தினமும் அதிகமா குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கி வேர்த்துக் கொட்டும், வலிப்புகூட வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்கிட்ட இன்னையோட விட்டுடுங்கன்னு யாரும் போன்ல சொல்லிடக்கூடாது, முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லணும், மீட்டிங்கும் கூடவே போகலாம்.

பணம் போறது இதுக்குத்தான்: போன் லைன், அதுக்கான ட்ரெயினிங், வாலண்டியர்ஸோட போக்குவரத்து செலவு, ஆஸ்பத்திரியில வைக்கிற மீட்டிங் கார்டு பிரிண்டிங், அம்மாக்கள் மீட்டிங்ல இருக்கற நேரம் குழந்தைங்கள பாத்துக்க ஒரு ஆள். கமிட்டியில யாருக்கும் சம்பளம் இல்ல. மது கம்பெனிங்க குடுத்தா வாங்க மாட்டோம். போன் பண்றவங்க பேர எழுதி வைக்கிறதும் இல்ல, அதனால இவர காப்பாத்தினோம்னு யார் போட்டோவையும் போட்டு உங்ககிட்ட காசு கேக்க மாட்டோம்.

எவ்வளவு முடியுமோ குடுங்க, மொத்தமா ஒரு தடவ குடுக்கறத விட மாசாமாசம் சின்னதா குடுத்தா எங்களுக்கு ரொம்ப உதவி, ஏன்னா லிஸ்ட்ட மாசாமாசம் சரிபாக்கணும். பொருளாளர்கிட்ட குடுத்து ரசீது கேட்டு வாங்கிக்குங்க, கணக்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் அனுப்பிடுவோம். பணம் குடுக்க முடியாதவங்க உங்க ஏரியாவுல நடக்கற ஒரு மீட்டிங்க மட்டும் சரிபாத்து சொல்லுங்க, நாள், நேரம், எந்த கேட் திறந்திருக்குங்கற வரைக்கும்.